ஆறு கோழிகளும் இரண்டு மனுக்களும்

மே 6, செவ்வாய்

இன்று காலை தம்பி வீட்டுக் கொல்லையிலிருந்து ஆறு கோழிகளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எட்டு இருந்தன. இரண்டு கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பாசத்தால் செய்ததும் இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில் இன்னும் ஒரு நாள் கிடந்தால் ஆறும் அழுகும். காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது, நாற்றம் என் வீட்டுக்குத்தான் வரும்.

நந்தகோபாலும் நானும் பேசிப் பதினோரு வருடமாகிறது. அப்பாவின் வீட்டை இரண்டாக வெட்டி நடுவே சுவர் எழுப்பியபோது கிணறு, வேம்பு, தெருவாசல் மூன்றும் அவன் பக்கம் போயின. சுவரும் என் பக்கத்தில் ஒன்பது அங்குலம் தள்ளியே நிற்கிறது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவனுக்குத் தொழில் செய்ய இடம் வேண்டும் என்று அப்பா சொன்னார். அவன் முன்னறையில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். இருபத்தேழு வருடம் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவனுக்கு இடம் எதற்கு? கல்லூரியிலும் அதே கதைதான். முதல்வர் நாற்காலி என்னிடமே படித்த ஒருவனுக்குப் போனது. ஆய்வகத்தில் பியூரெட்டைத் தலைகீழாகப் பிடித்து நிறுத்தியவன் அவன். விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி பெங்களூரில் மகனோடு இருக்கிறாள். அங்கே காற்று நன்றாக இருக்கிறதாம்.

நேற்று மாலை ஐந்து மணிக்கு, மோட்டாரைத் திருப்பி வாங்க வந்த ஒருவர் என் கதவைத் தட்டினார். பட்டறை உள்பக்கம் தாழிட்டிருக்கிறது, கூப்பிட்டால் பதில் இல்லை, கோழிகள் கத்துகின்றன என்றார். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை என்றேன். அப்படியானால் உங்கள் சுவரேறிப் பார்க்கிறேன் என்றார். ஸ்டூல் எடுத்துக் கொடுத்தது நான். நந்தகோபால் கொல்லை வாசற்படியில், கூண்டை ஒட்டி, ஓரமாக விழுந்து கிடந்தான். உயிர் இருந்தது. பக்கவாதம். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் இல்லை. 108 வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். எப்போது விழுந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

கோழிகளில் ஒரு சிவப்புப் பெட்டைக்குக் கழுத்து பின்னால் வளைந்து, தலை முதுகில் படுகிறது. வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மே 7, புதன்

கால்நடை மருந்தகத்துக்குச் சிவப்பை ஒரு கட்டைப் பையில் போட்டு எடுத்துப் போனேன். மருத்துவர் இளம்பெண். தயமின் பற்றாக்குறை என்றார். தயமின் என்றால் என்ன என்றும் எனக்கு விளக்கினார். வைட்டமின் பி-ஒன்று என்பார்களாம், நரம்புக்கு நல்லதாம். கேட்டுக்கொண்டேன்.

என்ன தீனி என்றார். தெரியாது, பக்கத்து வீட்டுக்காரருடையவை என்றேன். கூண்டில் ரேஷன் அரிசிக் குருணை மட்டும் கிடந்ததாகச் சொன்னேன். அதுதான் காரணம், மேய விட்டிருந்தால் இப்படி ஆகாது என்றார். சிவப்புக்குக் காலை மாலை ஐந்து சொட்டு பி-காம்ப்ளக்ஸ், நேராக அலகில் விட வேண்டும். மற்ற ஐந்துக்கும் தண்ணீரில் கலந்தால் போதும். ஒரு வாரத்தில் முன்னேற்றம் தெரியவில்லை என்றால் தேறாது.

பதிவேட்டில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதிவிட்டார். அடித்துத் திருத்தச் சொன்னேன். "பரவால்ல சார், கொண்டுவந்தவங்க பேருதான் எழுதுவோம்" என்றார்.

மே 8, வியாழன்

இரண்டு கையிலும் கீறல். வளர்த்தவனுக்கு ஏற்ற கோழிகள்.

மே 9, வெள்ளி

நந்தகோபாலின் மகள் யாமினி வந்தாள். ஓசூரில் ஏதோ கம்பெனியில் வேலை. செவ்வாயிலிருந்து மதுரையில் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறாள், அப்பாவுக்குத் துணி எடுக்க வந்தவள். பன்னிரண்டு வயதில் பார்த்தது. அதற்குப் பிறகு மாடியில் துணி காயப்போடும் ஒரு கை மட்டும் எனக்குத் தெரியும். ஆறு வருடம் முன்பு அவளுடைய அம்மா இறந்துபோனபோது நான் தெருமுனை வரை போனேன். வாசலுக்குப் போகவில்லை.

நேராக என் கொல்லைக்கு வந்து கோழிகளைப் பார்த்தாள். சிவப்பின் அருகே குந்தி உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இல்லைனா ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது பெரியப்பா" என்றாள்.

குருணை மட்டும் போட்டு வளர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று, விஞ்ஞானப்படி, விளக்கினேன். தலையாட்டினாள். மார்ச் மாதம் வரை கோழிகள் தெருவில்தான் மேய்ந்தனவாம். புழு பூச்சி, கீரை எல்லாம் தின்னுமாம். நகராட்சியிலிருந்து யாரோ வந்து, புகார் இருக்கிறது, வெளியே விடக்கூடாது என்று சொல்லிப் போனதிலிருந்து அப்பா தகரமும் கம்பியும் வைத்துக் கூண்டு அடித்தார் என்றாள். யார் புகார் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். சொல்லவில்லை.

போகும்போது கேட்டாள். "டாக்டர் தெனமும் அதையே கேக்குறாரு பெரியப்பா, எப்ப விழுந்தாரு எப்ப விழுந்தாருன்னு. நாலரை மணி நேரத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா ஊசி போட்டு ரத்தக் கட்டியைக் கரைச்சிருக்கலாமாம். சனிக்கிழமை ராத்திரி என்கிட்ட போன்ல நல்லாத்தான் பேசுனாரு. உங்களுக்கு எதுவும் சத்தம் கேட்டுச்சா?"

ஞாயிறன்று சாத்தூரில் ஒரு கல்யாணம், அங்கே போயிருந்தேன் என்றேன். சாத்தூரில் ஞாயிறன்று கல்யாணம் இருந்தது உண்மைதான். பத்திரிகை அலமாரியில் இருக்கிறது.

மே 10, சனி

தபாலில் ஒப்புகை அட்டை வந்தது. திங்களன்று காலை பதினொன்று ஐம்பதுக்குப் பதிவுத் தபாலில் நான் அனுப்பிய மனு, புதன்கிழமை நகராட்சியில் பெறப்பட்டிருக்கிறது. முத்திரை தெளிவாக இருக்கிறது.

அது இரண்டாவது மனு. முதல் மனு மார்ச்சில் கொடுத்தது. ஆய்வாளர் வந்து போன அன்று, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று நந்தகோபால் கோழிகளிடம் பேசினான். எங்கள் குடும்பத்தில் பேச்சு நின்ற பிறகு இப்படித்தான். எனக்குச் சொல்ல வேண்டியதைக் கோழியிடம் சொல்வான். நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது செடியிடம் சொல்வேன். "இனிமே இந்தத் தகரத்தத் தட்டித் தட்டி உங்களக் கத்த விடுறேன்டி. எந்த ஆபீசுக்கு எழுதுறாகன்னு பாப்போம்" என்றான் அன்று. வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. ஆகவே கத்தல் தொடங்கினால், அவன் சொன்னதைச் செய்கிறான் என்றுதான் எந்த மனிதனும் நினைப்பான். ஆதாரம் இல்லாமல் புகார் நிற்காது என்பதால் நாள், மணி, நிமிடம் எல்லாம் குறித்தேன். ஞாயிறும் அதில் இருக்கிறது.

அந்தத் தாள் யாமினி கையில் கிடைத்தால், நான் சாத்தூரில் இல்லை என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன? பதினோரு வருடம் இல்லாத மகள். எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

திங்கள் காலை நகராட்சி அலுவலகம் போக வேண்டும். பத்து மணிக்கு முன்பே.

மே 11, ஞாயிறு

சிவப்புக்கு மாற்றமில்லை. மற்ற ஐந்தும் தண்ணீர் குடிக்கின்றன. யாமினி போனில் இரண்டு முறை விசாரித்தாள். முதல் முறை கோழிகளை, இரண்டாம் முறை நான் சாப்பிட்டேனா என்று.

மே 12, திங்கள்

தபால் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். அதுதான் சிக்கல். மனுவைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். எண் போட்டாகிவிட்டது, தாளைத் திருப்பித் தர வழியில்லை என்றார். வேண்டாம் என்று நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் அதற்கும் எண் போட்டு, இரண்டையும் சேர்த்து ஆய்வாளருக்கு அனுப்புவாராம்.

"ஆய்வாளர் நேரில் வருவாரா?"

"வந்து ஒரு கையெழுத்து வாங்கிட்டுப் போவாரு சார். ரெண்டு தரப்புலயும்." பிறகு கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பாராட்டும் குரலில் சொன்னார்: "இவ்வளவு வெவரமா யாரும் எழுதுறதில்ல சார். நிமிஷம் மொதக்கொண்டு போட்டிருக்கீக. நீங்க வாத்தியாரா?"

பேராசிரியர் என்றேன். திரும்பப் பெறும் கடிதத்தை அங்கேயே நின்று எழுதினேன். எனக்குத் தெரிவித்துவிட்டுத்தான் ஆய்வாளர் வர வேண்டும் என்று அடியில் சேர்த்தேன். அதையும் பாராட்டினார்.

மே 14, புதன்

சிவப்பு இன்று தலைகுப்புற உருண்டது. கால்கள் விறைத்து, கழுத்து முறுக்கி, பம்பரம்போலச் சுற்றிச் சுற்றி விழுந்தது. கருப்புக் கோழி ஒன்றும் கழுத்தைச் சாய்க்கத் தொடங்கியிருக்கிறது. மருத்துவரை மனதுக்குள் திட்டினேன். மருந்து தயாரித்தவனைத் திட்டினேன். நந்தகோபாலையும்தான்.

மத்தியானம் தண்ணீர்ச் சட்டியைக் கழுவும்போதுதான் தெரிந்தது. வெயிலுக்கு நல்லது என்று முதல் நாளிலிருந்தே தண்ணீரில் உப்பு, சர்க்கரை, ஆப்பசோடா மூன்றும் கலந்துகொண்டிருக்கிறேன். சொட்டு மருந்து உடம்பு முழுக்க ஒட்டுகிறது, அலகைப் பிளந்தால் கொத்துகிறது என்பதால், சிவப்புக்கும் நேராக விடாமல் அந்தத் தண்ணீரிலேயே ஊற்றினேன். சோடா காரம்; காரக் கரைசலில் தயமின் சிதையும். சட்டியையும் வெயிலில் வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக நான் அவற்றுக்கு ஊற்றியது மஞ்சள் நிறத் தண்ணீர்.

இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன் எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். இந்த வீட்டில் மதிப்பெண் போட யாரும் இல்லை.

மாலை முதல் இங்க் ஃபில்லரால் நேராகக் கொடுக்கிறேன். கோழியைக் கக்கத்தில் இடுக்கி, இடது கையால் தலையைப் பிடித்து, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட வேண்டும். நடுவில் விட்டால் மூச்சுக்குழலில் இறங்கும். அதன் இதயம் என் விலாவில் அடித்தது. தவிடும் வாங்கி வந்தேன்.

மே 17, சனி

சிவப்பு இன்று தன் காலில் நின்றது. தலை இன்னும் கொஞ்சம் சாய்வுதான், ஆனாலும் தரையைப் பார்க்கிறது. தவிட்டைக் கொத்தியது. பத்துக் கொத்தில் மூன்று சரியாக விழுந்தது. எண்ணினேன்.

யாமினி மத்தியானம் வந்தாள். என் வீட்டில் சாப்பிட்டாள். ரசமும் அப்பளமும்தான். நான் கோழியைக் கக்கத்தில் இடுக்கும் விதத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கிளாசுக்கு அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் எடுத்துட்டுப் போற மாதிரியே இருக்கு பெரியப்பா" என்றாள். ஒரு கோழியை அவளும் பிடித்தாள். மடியில் துண்டை விரித்து, அதன் கண்ணை உள்ளங்கையால் மூடினாள், அது அசையாமல் இருந்தது. அப்பா இப்படித்தான் பிடிப்பார் என்றாள். படிக்காதவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது.

நந்தகோபால் ஒரு சொல் பேசியிருக்கிறான். "தண்ணி." கோழிகள் பிழைத்துவிட்டன, பெரியப்பாதான் பார்த்துக்கொள்கிறார் என்று இவள் சொன்னதும் அழுதானாம். இந்த நோயில் காரணமே இல்லாமல் அழுகை வரும் என்று மருத்துவரே சொன்னாராம். அப்படித்தான் இருக்கும்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அப்பா வந்த பிறகு சுவரில் ஒரு கதவு வைத்தால் என்ன என்று கேட்டாள். ஒன்பது அங்குலம் பற்றிச் சொன்னேன். "கதவு வைக்கிற எடத்துல அந்த ஒம்பது அங்குலமும் போயிடும்ல" என்றாள்.

ஆய்வாளரிடமிருந்து தகவல் இல்லை.

மே 19, திங்கள்

கருப்பும் நிமிர்ந்துவிட்டது. மருந்துப் புட்டி தீரப் போகிறது. நாளை இன்னொன்று வாங்க வேண்டும். யாமினி நாளையும் வருகிறாள். துணி துவைக்க வேண்டுமாம். இங்கேயே சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்காய் வாங்கினேன்.

மே 20, செவ்வாய்

மருந்துக் கடையில் பதினைந்து நிமிடம் நின்றேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் சுகாதார ஆய்வாளர் வந்து போய்விட்டார். எனக்குத் தெரிவிக்கவில்லை. நந்தகோபால் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். யாமினி திறந்திருக்கிறாள். எதிர்த்தரப்பு என்ற முறையில் அவளிடம் மனுவின் நகலைக் கொடுத்து, புகார்தாரர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எல்லாம் விதிப்படி.

நான் வந்தபோது அவள் என் கொல்லையில், துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தன. தாளை நீட்டவில்லை. படித்தாள். பள்ளிக்கூடத்தில் வாசிப்பதைப்போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

"மே நாலு, ஞாயிறு. காலை ஆறு பத்து: உரிமையாளர் தகரத்தை வேண்டுமென்றே தட்டிக் கோழிகளைத் தூண்டுகிறார். ஆறு பத்து முதல் ஆறு நாற்பது வரை விட்டு விட்டுத் தட்டும் ஓசை. ஏழு நாற்பத்தைந்து: மீண்டும். பதினொன்று இருபது: மீண்டும், மெதுவாக. மாலை நாலு: தட்டும் ஓசை ஒருமுறை. மே ஐந்து, திங்கள்: தட்டும் ஓசை இல்லை. கோழிகள் மட்டும் தொடர்ந்து."

நான் நின்றுகொண்டிருந்தேன். மார்ச் மாதம் அவன் சொன்னதைச் சொன்னேன். தகரத்தைத் தட்டுவேன் என்று அவனேதான் சொன்னான் என்று, வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்றேன். அவள் குறுக்கிடவில்லை. முடிக்கும்வரை காத்திருந்தாள். அது வகுப்பில் எனக்குப் பிடித்த பழக்கம்.

பிறகு பையிலிருந்து பேனா எடுத்து, ஆஸ்பத்திரிக் கோப்பின் அட்டையில் எதையோ எழுதிக்கொண்டாள்.

"என்ன எழுதுற?" என்றேன்.

"ஆறு பத்து" என்றாள். "டாக்டர் கேட்டுட்டே இருந்தாருல்ல."

கத்தரிக்காய்க் குழம்பு அப்படியே இருக்கிறது.

மே 21, புதன்

காலை ஐந்து சொட்டு. மாலை ஐந்து சொட்டு.

மே 24, சனி

யாமினி ஒரு கூடையோடு வந்தாள். கோழிகளை எடுத்துப் போகிறேன் என்றாள். ஓசூர் கம்பெனியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டாளாம். அடுத்த வாரம் அப்பாவும் வந்துவிடுவார். இரண்டிரண்டாக, மூன்று நடை. சிவப்பைக் கடைசியாக எடுத்தாள்.

சொட்டு மருந்து எத்தனை நாள் என்று கேட்டாள். சிவப்புக்கும் கருப்புக்கும் இன்னும் பத்து நாள், மற்றவற்றுக்கு வாரம் இருமுறை தண்ணீரில், வெயிலில் வைக்கக்கூடாது, சோடா சேர்க்கவே கூடாது, தவிடு தினமும் என்றேன். எழுதிக்கொண்டாள். பெரியப்பா என்று கூப்பிடவில்லை. சார் என்றும் கூப்பிடவில்லை. எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் ஒரு மனிதனிடம் எவ்வளவு நேரம் பேச முடியும் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். வாக்கியம் எங்கோ சுவரைப் பற்றிப் போய்விட்டது.

"என்கிட்ட வேணாம்" என்றாள். "அப்பாகிட்ட நான் எதுவும் சொல்லல. நீங்கதான் காப்பாத்துனீங்கன்னு நெனச்சிட்டிருக்காரு. ஸ்டூலு குடுத்தது, கோழி பாத்தது எல்லாம் தெரியும். உங்க பேரச் சொன்னாலே மொகம் மாறுது. நீங்க போயிச் சொல்லுங்க. சொல்லாம இருக்கணும்னாலும் இருந்துக்கோங்க. ஆனா நான் தெனமும் உங்களப் பாக்கணும்ல."

கொல்லை வெறுமையாக இருக்கிறது. எச்சம் கழுவ ஒரு மணி நேரம் ஆனது. பெங்களூரிலிருந்து போன். கோழி சகவாசம் முடிந்ததா என்று மனைவி கேட்டாள். முடிந்தது என்றேன்.

மே 28, புதன்

சுவருக்கு அந்தப் பக்கம் கோழிகள் கத்துகின்றன. எதுவும் குறிக்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

நேற்று மாலை நந்தகோபாலைக் கொண்டுவந்தார்கள். இன்று காலை போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு தெருவாசல் வழியாக. பட்டறையில் செப்புக் கம்பி வாசனை அப்படியே இருக்கிறது. யாரோ விட்டுப்போன மோட்டார் ஒன்று பாதி பிரிந்து கிடக்கிறது.

கொல்லை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாள். வலக்கை மடியில் செத்துக் கிடந்தது. முகத்தின் ஒரு பக்கம் வழிந்திருக்கிறது. என்னைவிட நாலு வயது சின்னவன்; அப்பாவின் கடைசிக் காலத்து முகம் இவனுக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் இடப்பக்கம் சிரித்தது.

"அண்ணே" என்றான். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். மணி பார்க்கவில்லை.

யாமினி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ஒத்திகை பார்த்துப் போனது எதுவும் வரவில்லை.

"நந்து, அன்னைக்கு நான் வீட்லதான் இருந்தேன். சாத்தூர் போகல. நீ தகரத்தத் தட்டுனது கேட்டுச்சு. நீ வேணும்னே தட்டுறேன்னு நெனச்சேன். நகராட்சிக்கு எழுதிப் போட்டேன்."

சொல்லி முடித்த பிறகு, மார்ச் மாதம் அவன் சொன்னதைச் சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

அவன் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு அவன் செத்த காலின் மேல் ஏறி நின்றது. அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தேன். அழுகை வந்தாலும் நோய் என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"தெ... ரியும்" என்றான்.

யாமினி நிலையிலிருந்து நிமிர்ந்தாள். "என்னப்பா தெரியும்?"

இடக்கையைத் தூக்கினான். விரல் மெல்ல என் வீட்டுப் பக்கம் போய், சுவருக்கு மேலே, என் சமையலறை ஜன்னலில் நின்றது.

"ஜன்ன... ல" என்றான். மூச்சு வாங்கினான். "வந்து... பாத்தே. நான்... கை தூக்குனேன். சாத்... துன."

அது காலை 6.25. மனுவில் அதை நான் எழுதவில்லை. இந்த நோட்டிலும் இதுவரை எழுதியிருக்கவில்லை.